ஜாமீன் யாருக்கு?

சிறைக் கதவைத் திறந்து விடும்படி நியாயஸ்தலம் உத்தரவிட்ட பிறகும் ஒரு மனிதன் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பானாயின், அவனை அங்கே நிறுத்தி வைத்திருப்பது எது? சட்டம் அன்று, அவனை வெளியே விடலாமென்று நீதிபதி கையெழுத்திட்டு விட்டார். குற்றம் அன்று, அது இன்னும் ருசுவாகவில்லை. அவனுக்காகப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட இரண்டு பேர் கிடைக்கவில்லை என்பது ஒன்றே காரணம். சாமி வரங் கொடுத்தாலும் பூசாரி வரங் கொடுக்க மாட்டான் என்று நம்மவர் சொல்லும் பழமொழி இந்த விஷயத்திற்குப் பொருந்துவதுபோல் வேறெதற்கும் பொருந்தாது.

இது எங்கோ ஓரிடத்தில் தற்செயலாக நேர்ந்துவிட்ட தவறு என்று யாரும் எண்ண வேண்டாம். 2022-ஆம் வருஷக் கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர் என்றும், அவர்களில் 4,34,302 பேர் விசாரணை முடியாதவர்கள் என்றும் ஸர்க்காரே வெளியிட்ட கணக்குக் கூறுகிறது. அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள். இவர்கள் அனைவரும் ஜாமீன் உத்தரவு பெற்றவர்கள் அல்லர். சிலருக்கு ஜாமீன் மறுக்கப்பட்டதற்குத் தக்க காரணமும் இருக்கலாம். ஆயினும், வக்கீல் இல்லாமையாலும், பிணை நிற்போர் இல்லாமையாலும், சட்டம் தங்களுக்கு அளித்திருக்கும் உரிமையை அறியாமையாலும் உள்ளே இருப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் கலந்திருக்கிறார்கள் என்பதை எவரும் மறுக்கமாட்டார்.

அந்நிய ஆட்சியின் காலத்தில் நம் சத்தியாக்கிரகிகளில் பலர் ஜாமீன் கேட்பதில்லை என்பதை ஒரு விரதமாகவே கொண்டிருந்தனர். எதிர் வழக்காடாமலும், பிணை கொடுக்காமலும் அவர்கள் சிறை புகுந்தார்கள். அந்தப் பரம்பரையை நாம் போற்றுகிறோம். ஆனால், ஜாமீன் வேண்டாம் என்று சொல்லக்கூடியவன், அது கிடைக்கும் நிலையில் இருந்தவன். அவனுடைய மறுப்புக்கு மதிப்பு உண்டானது அதனாலேயே. தன் தினக்கூலியை நம்பி வீட்டில் அடுப்பெரியும் ஓர் ஏழை, ஜாமீன்தார் இல்லாமல் மூன்று மாதம் உள்ளே இருப்பது தியாகம் ஆகாது. அது அவன்மேல் சுமத்தப்பட்ட தண்டனை. பொதுக் காரியங்களில் ஈடுபட்டோர் இந்த வேற்றுமையை மறவாதிருக்க வேண்டும். ஊர்வலத்திலோ மறியலிலோ தலைவரோடு கைதாகும் பெயர் தெரியாத தொண்டன், தலைவர் வெளியே வந்த பிறகும் உள்ளே தங்கிவிடுவதை நாம் கண்டதில்லையா?

ஆதலின், கைது நேர்ந்த கணத்திலிருந்து செய்யத்தக்கது இன்னதென்று நம் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதும், இந்த முறையில் திருந்த வேண்டியது எது என்பதை அதிகாரிகளுக்கு வற்புறுத்துவதும் நமது கடமை என்று கருதுகிறோம்.

முதலாவது, கைதானவனுடைய உரிமைகள். நமது அரசியலமைப்பின் 22-வது ஷரத்து, கைதின் காரணத்தை அவனுக்குத் தெரிவிக்க வேண்டுமென்றும், தனக்கு இஷ்டமான வக்கீலைக் கலந்துகொள்ள அவனை அனுமதிக்க வேண்டுமென்றும், பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டுமென்றும் விதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் என்ற சமாதானங்கள் இதற்குச் செல்லா. கோர்ட்டுக்கு விடுமுறையாயின் பொறுப்பிலிருக்கும் மாஜிஸ்ட்ரேட்டின் வீட்டுக்கே அழைத்துச் செல்ல வேண்டியதுதான். 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதீய நாகரிக் ஸுரக்ஷா ஸம்ஹிதை அமலில் இருந்துவருகிறது. இலக்கங்கள் மாறினவேயன்றி இந்த உரிமைகள் மாறவில்லை. கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, குடும்பத்தாரோ ஊரில் மதிப்புடையவரோ ஒருவர் அதில் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று அதன் 36-வது பிரிவும், விசாரணையின்போது முழு நேரமும் இல்லாவிடினும் வக்கீலைச் சந்திக்கலாம் என்று 38-வது பிரிவும், உறவினருக்கோ சிநேகிதருக்கோ தகவல் கொடுக்க வேண்டும் என்று 48-வது பிரிவும் கூறுகின்றன. கைதின் காரணங்களை எழுத்து மூலமாக, கைதானவன் அறிந்த பாஷையிலேயே கொடுக்க வேண்டும் என்று ஸுப்ரீம் கோர்ட் 2025-இல் தீர்ப்புச் செய்திருக்கிறது. தமிழன் ஒருவனுக்குத் தமிழிலே காரணம் கேட்க உரிமை உண்டு என்பது இதன் தாத்பரியம்.

எல்லாக் குற்றச்சாட்டுக்கும் கைது அவசியம் என்பதும் தவறான எண்ணம். ஏழு வருஷம் வரை தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில், கைது ஏன் தேவை என்று காரணம் எழுதாமல் போலீஸார் கைது செய்யலாகாது என்றும், ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுத்தலே முறை என்றும் அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் ஸுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது. யந்திரம்போல் ரிமாண்டு உத்தரவில் கையெழுத்திடும் மாஜிஸ்ட்ரேட்டுகளையும் அத்தீர்ப்பு எச்சரித்தது. அத்தகைய நோட்டீஸ் வந்தால் அதை அலட்சியம் செய்யாமல் குறித்த நாளில் ஆஜராவது, கைதைத் தவிர்க்கும் வழிகளில் தலையாயது.

இரண்டாவது, வக்கீல். கைதான செய்தி வந்ததும் வீட்டார் முதலில் தேடுவது பெரிய பெயரை. சென்னையிலிருந்து பிரசித்தி பெற்ற ஒருவரை வரவழைத்தாலன்றிக் காரியம் நடவாது என்று யாரோ ஒருவர் சொல்லுவார். நகை அடகுக் கடைக்குப் போகும். இதில் நமக்குச் சம்மதமில்லை. முதல் நாளில் வேண்டியது பெரிய பெயரன்று. அந்த மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் அன்றாடம் நிற்கும் உள்ளூர் வக்கீல். ரிமாண்டு எந்த நேரத்தில் நடக்கும், விடுமுறை நாளில் பொறுப்பு யாருடையது, ஜாமீன்தாருக்கு எந்தத் தஸ்தாவேஜுகளை அந்தக் கோர்ட் கேட்கும் என்பவற்றை அவர் அறிவார். வழக்கு ஸெஷன்ஸ் கோர்ட்டுக்கோ, சென்னை ஹைகோர்ட்டுக்கோ, அதன் மதுரைக் கிளைக்கோ போகும்போது வேறொருவர் தேவைப்பட்டால் அவரே சொல்லுவார்.

அத்தகையவரை எங்கே தேடுவது? கோர்ட் வாசலில் தாமாக வந்து கையைப் பிடிக்கும் மனிதரிடம் அன்று. வக்கீல்கள் விளம்பரஞ் செய்து வழக்குப் பிடிக்கலாகாது, தரகர் மூலமாகவும் பிடிக்கலாகாது என்பது பார் கௌன்ஸிலின் விதி. இணையத்தின் வழியே வழக்குப் பிடித்துக் கொடுக்கும் வியாபாரத்தையும் சென்னை ஹைகோர்ட் 2024 ஜூலையில் கண்டித்திருக்கிறது. கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் வக்கீல் சங்கத்தில் விசாரிக்கலாம். ஊரில் வழக்கு நடத்தி அனுபவப்பட்டவர்களைக் கேட்கலாம். வக்கீலின் பதிவு எண் தமிழ்நாடு புதுச்சேரி பார் கௌன்ஸில் ஜாபிதாவில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளலாம். பீஸ் எவ்வளவு, அது எந்தக் காரியம் வரைக்கும், கோர்ட்டில் நிற்கப் போவது அவரா அவருடைய ஜூனியரா என்று முதலிலேயே கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கொடுத்த பணத்திற்கு ரசீது கேட்பதிலும் தவறில்லை. வக்காலத்தைத் தவிர, எழுதாத வெற்றுத்தாளில் கையெழுத்திடலாகாது. ‘நாளைக்கே வெளியே கொண்டு வந்துவிடுகிறேன், அதற்கு இவ்வளவு’ என்று முடிவை விலை பேசுகிறவரிடமிருந்து விலகிக்கொள்வதே நலம். வழக்கின் பலனைப் பொறுத்துக் கூலி பேசுவது வக்கீல் தொழிலின் விதிக்கே விரோதமானது. தம் கட்சிக்காரனுக்குத் தாமே பிணை நிற்பதும், பிணை நிற்பவரின் சொத்துக்கு நற்சாட்சி கொடுப்பதும் வக்கீலுக்கு விலக்கப்பட்டவை என்பதையும் ஜனங்கள் அறிந்திருக்க வேண்டும்.

பணமில்லாதவன் கதி என்ன என்று கேட்கலாம். 1987-ஆம் வருஷத்துச் சட்ட உதவி அதிகாரச் சட்டத்தின்படி, காவலில் உள்ள எவருக்கும் வருமானத்தைப் பாராமல் ஸர்க்கார் செலவில் வக்கீல் கிடைக்க உரிமை உண்டு. ஸ்திரீகளுக்கும், குழந்தைகளுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அவ்வுரிமை எப்போதும் உண்டு. ஜில்லாக் கோர்ட் வளாகத்தில் ஜில்லா சட்ட உதவி அதிகாரமும், தாலுகாக் கோர்ட்டுகளில் தாலுகாக் கமிட்டியும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி டெலிபோன் செய்யலாம். முதன்முதல் முன் நிறுத்தப்படும்போதே, ‘உனக்கு வக்கீல் வைக்கும் உரிமை உண்டு; வசதியில்லையேல் ஸர்க்கார் வைத்துக் கொடுக்கும்’ என்று சொல்ல வேண்டியது மாஜிஸ்ட்ரேட்டின் கடமை என்று ஸுப்ரீம் கோர்ட் 2012-இல் விதித்தது. ஆகவே இது தருமம் அன்று, உரிமை. இலவச வக்கீல் ஏனோதானோவென்று பேசுவார் என்ற குறை நாட்டில் இருக்கத்தான் செய்கிறது. அந்தக் குறைக்குப் பரிகாரம் அவரை வேண்டாமென்று தள்ளுவதன்று. அவரை நேரில் கண்டு, வழக்கின் விவரங்களைச் சொல்லி, அடுத்த வாய்தாவைக் கேட்டறிந்து, காரியத்தில் கண்ணாக இருப்பதேயாகும்.

மூன்றாவதும் முக்கியமானதுமான விஷயம் ஜாமீன். குற்றங்கள் ஜாமீனுக்கு உட்பட்டவை, உட்படாதவை என இருவகை. முன்னதில் ஜாமீன் என்பது சலுகையன்று, உரிமை. போலீஸ் ஸ்டேஷனிலேயே அதைப் பெறலாம். ஸம்ஹிதையின் 478-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: கைதானவன் ஏழையாகவும் பிணை கொடுக்க இயலாதவனாகவும் இருந்தால் அவனுடைய சொந்த முச்சலிக்காவின் பேரிலேயே விட்டுவிட வேண்டும், ஒரு வாரத்திற்குள் பிணை கொடுக்க முடியாதவனை ஏழையென்றே கொள்ள வேண்டும். ஜாமீனுக்கு உட்படாத குற்றங்களில் மாஜிஸ்ட்ரேட், ஸெஷன்ஸ் நீதிபதி, ஹைகோர்ட் என்ற வரிசையில் கேட்டுப் பெற வேண்டும். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். ‘ஜாமீனுக்கு உட்படாதது’ என்றால் ஜாமீன் கிடையாது என்று பொருளன்று, அது நீதிபதியின் விசாரணைக்கு உட்பட்டது என்றே பொருள். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் ஆகியோர் திறத்தில் 480-வது பிரிவு தனி இரக்கம் காட்டுகிறது.

காலவரையறையால் கிடைக்கும் ஜாமீன் ஒன்றும் உண்டு. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் 90 நாளும், ஏனையவற்றில் 60 நாளும் கழிந்தும் போலீஸார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், காவலில் உள்ளவன் ஜாமீன் கேட்க உரிமையுடையவனாகிறான். ஆனால் கேட்க வேண்டும். கேளாமல் இருக்கையில் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அவ்வுரிமை நழுவிவிடும். நாளை எண்ணும் பொறுப்பை வீட்டார் வக்கீலிடமே விட்டுவிடாமல் தாங்களும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். விசாரணை நீளும் வழக்குகளில், மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றமாக இல்லாதபோது, உச்சத் தண்டனையில் பாதிக்காலம் கழித்தவனும், இதற்கு முன் எந்தக் குற்றத்திற்கும் தண்டிக்கப்படாதவனாயின் மூன்றில் ஒரு பங்கு கழித்தவனும் விடுதலைக்கு உரியவர் என்று 479-வது பிரிவு கூறுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கு மட்டும் இது செல்லாது. 2024 ஜூலைக்கு முந்திய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று அவ்வருஷம் ஆகஸ்டில் ஸுப்ரீம் கோர்ட் தெளிவுபடுத்தியது. இதற்கான மனுவைச் சிறை ஸுப்பரிண்டெண்டே கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இனி, முச்சலிக்கா என்பது யாது? பதினாயிரம் ரூபாய் ஜாமீனில் விடுதலை என்று உத்தரவானதும், பதினாயிரம் ரூபாயை ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று எண்ணி ஏழைக் குடும்பங்கள் கந்து வட்டிக்காரனிடம் ஓடுகின்றன. இந்த அறியாமையே தரகர்களின் மூலதனம். உண்மை அதுவன்று. விசாரணைக்குத் தவறாமல் வருகிறேன், தவறினால் இத்தொகையைச் செலுத்துகிறேன் என்று கைதானவன் எழுதிக் கொடுப்பது சொந்த முச்சலிக்கா. அவன் வருவான், வராவிட்டால் நான் செலுத்துகிறேன் என்று பிறர் எழுதிக் கொடுப்பது ஜாமீன் முச்சலிக்கா. எழுதிக் கொடுக்கும் தினத்தில் பணம் எதுவும் கை மாறுவதில்லை. பிணை நிற்க ஆளில்லாதவன் அதற்குப் பதிலாகத் தொகையைக் கட்டிவிட்டு வெளிவரக் கோர்ட் அனுமதிக்கலாம் என்று 490-வது பிரிவு இருக்கிறது. அது கேட்டுப் பெறும் மாற்று வழி, கட்டாயமன்று. தொகை அதிகமாயிருந்தால் அதைக் குறைக்கும்படி ஸெஷன்ஸ் கோர்ட்டையும் ஹைகோர்ட்டையும் கேட்கலாம். ஜாமீன் தொகை மிதமிஞ்சியதாக இருத்தலாகாது என்று 484-வது பிரிவே சொல்லுகிறது.

பிணை நிற்பவருடைய பொறுப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிணை போகாதே என்று நம் பெரியோர் எச்சரித்தது வீணுக்கன்று. குற்றஞ்சாட்டப்பட்டவன் ஓடிப்போனால் கோர்ட் ஜாமீன்தாருக்கு நோட்டீஸ் அனுப்பும். தக்க சமாதானம் இல்லையேல் தொகையை அபராதம்போல் வசூலிக்கும். காரணம் பார்த்து ஒரு பகுதியைத் தள்ளிக் கொடுக்கவும் அதிகாரம் உண்டு. ஓடியவன் அந்தக் குற்றத்திற்காகவே ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு உள்ளாவான். ஆயின் ஜாமீன்தாருக்குப் பாதுகாப்பும் இல்லாமல் இல்லை. நம்பிக்கை தளர்ந்தால் எந்த நேரத்திலும் கோர்ட்டை அணுகித் தம்மை விடுவித்துக்கொள்ளலாம். முச்சலிக்கா பறிமுதலாகும் முன் அவர் இறந்துவிட்டால் அவருடைய சொத்துக்குப் பொறுப்பில்லை. இன்னும் எத்தனை பேருக்குப் பிணை நின்றிருக்கிறார் என்பதை மட்டும் அவர் உண்மையாகத் தெரிவித்தாக வேண்டும். அறிந்தவனுக்கு, வருவான் என்று நம்பத்தக்கவனுக்கு, வாய்தாத் தேதிகளை நினைவூட்டிக்கொண்டு பிணை நிற்பது அபாயமான காரியமன்று. அது அண்டை வீட்டான் அண்டை வீட்டானுக்குச் செய்யத்தக்க உதவி.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த உதவியே ஒரு வியாபாரமாகிவிட்டது. அங்கே பல ராஜ்யங்களில் ஜாமீன் கம்பெனிகள் இருக்கின்றன. ஜாமீன் தொகையில் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து வீதம் அவர்களுக்குக் கொடுத்தால் அவர்கள் பிணை நிற்பார்கள். வழக்கில் குற்றமற்றவன் என்று தீர்ப்பானாலும் அந்தப் பணம் திரும்பாது. மிதமிஞ்சிய ஜாமீன் கேட்கலாகாது என்று 1791 முதல் தன் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்துக்கொண்டிருக்கும் தேசத்தில் நிலைமை இது. இதன் அநீதியை உணர்ந்து இல்லினாய் ராஜ்யம் 2023 செப்டம்பர் 18 முதல் பண ஜாமீனை அடியோடு ஒழித்துவிட்டது. நம் நாட்டுச் சட்டத்தில் அத்தகைய கம்பெனிகளுக்கு இடமில்லை. ஆனால் கோர்ட் வாசல்களில் கூலிக்குப் பிணை நிற்கும் ஆட்களும், போலித் தஸ்தாவேஜுகளும், அவர்களை அழைத்து வரும் தரகர்களும் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர் யார்? முறையான வழி குறுகக் குறுக முறையற்ற வழி அகலும் என்பது உலக வழக்கம்.

அந்த வழியைக் குறுக்குவது எது? சட்டமன்று, பழக்கம் என்கிறோம். இரண்டு ஜாமீன்தார், இருவரில் ஒருவர் ரத்த உறவு, சொத்து வரி ரசீது, தாசில்தாரிடமிருந்து சொத்து மதிப்புச் சான்று, உள்ளூர்க்காரராகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் — இவையெல்லாம் வீடும் நிலமும் உள்ளவர்களை மனத்தில் வைத்து வளர்ந்த பழக்கங்கள். புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவனுடைய உறவினன் எந்தச் சொத்து வரி ரசீதைக் கொண்டு வருவான்? திருப்பூருக்குப் பிழைக்க வந்த ஒடியா தேசத்துத் தொழிலாளிக்கு உள்ளூர் ஜாமீன்தார் யார்?

இந்தக் கேள்வி புதிதன்று. 1978-இல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்திராம் என்ற கொத்தனாரின் வழக்கு ஸுப்ரீம் கோர்ட் முன் வந்தது. மாஜிஸ்ட்ரேட் பதினாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டிருந்தார். பிணை நிற்க முன்வந்த சகோதரனின் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதென்று தள்ளியும் விட்டார். அந்த உத்தரவை நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. ஆயிரம் ரூபாய்ச் சொந்த முச்சலிக்காவில் கொத்தனாரை விடும்படி உத்தரவிட்டு, வேறு ஜில்லாக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரை நிராகரித்தல் தகாது என்று கூறினார். அடுத்த வருஷம், விதிக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் கடந்து விசாரணையின்றிப் பீஹார் சிறைகளில் கிடந்தோரின் நிலை ஹுஸைனாரா காதூன் வழக்கில் வெளியாயிற்று. விரைவான விசாரணையும் இலவச சட்ட உதவியும் அடிப்படை உரிமைகள் என்ற கொள்கை அதிலிருந்து பிறந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, 2023 ஜனவரி 31-ந் தேதி ஸுப்ரீம் கோர்ட் அதே விஷயத்தை மீண்டும் கையிலெடுக்க வேண்டியதாயிற்று. ஜாமீன் உத்தரவின் பிரதியை அன்றோ மறுநாளோ சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி விடுதலையாகாவிட்டால் சிறை ஸுப்பரிண்டெண்ட் ஜில்லா சட்ட உதவிச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் பிணை கொடுக்கப்படாவிட்டால் கோர்ட் தானாகவே நிபந்தனைகளைத் தளர்த்தலாமா என்று பார்க்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தார் என்ற நிபந்தனையே விடுதலைத் தாமதத்திற்கு ஒரு காரணமாதலின் அதை விதிக்காதிருக்கலாம் — இவை அன்று சொல்லப்பட்டவை. 2024 ஆகஸ்டில், பல வழக்குகளில் ஜாமீன் பெற்ற ஒருவர் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஜாமீன்தாரைத் தேட முடியாமல் தவித்தபோது, ஒரே ஜாமீன்தார்கள் எல்லாவற்றுக்கும் போதும் என்று அக்கோர்ட் தீர்ப்பளித்தது. 1978-இல் சொன்னதை 2023-இலும் 2024-இலும் சொல்ல நேர்ந்ததென்றால், மேல் கோர்ட்டில் உதித்த வெளிச்சம் கீழ்க் கோர்ட்டின் படிக்கட்டு வரை இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

குற்றவாளிகளுக்கு இவ்வளவு பரிந்து பேசலாமா, குற்றத்தால் துன்புற்றவனுடைய கதி என்ன என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாட்சிகளைக் கலைப்பவனையும், மிரட்டுபவனையும், ஓடிவிடக் கூடியவனையும் உள்ளே வைத்திருக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஜாமீன் கொடுத்த பிறகு அதை ரத்து செய்யவும் அதிகாரம் உண்டு. போதைப் பொருள், கள்ளப் பணம், பயங்கரச் செயல் ஆகியவை பற்றிய விசேஷச் சட்டங்கள் ஜாமீனை மிகவும் அருமையாக்கியிருக்கின்றன. 1982-ஆம் வருஷத்துக் குண்டர் சட்டத்தின்கீழ்த் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவனுக்கோ, வழக்கில் ஜாமீன் கிடைத்தும் பயனில்லை. இவற்றை நாம் அறியாமல் பேசவில்லை. நமது வாதம் வேறு. வெளியே விடத் தக்கவன் என்று நீதிபதியே தீர்மானித்து விட்டவனைப் பற்றியே பேசுகிறோம். அவன் பணக்காரனாயின் அன்று மாலையே வீடு சேர்கிறான்; ஏழையாயின் இல்லை. ஒரே உத்தரவு இரண்டு மனிதர்களுக்கு இரண்டு பலன் தருமானால், குற்றத்தால் துன்புற்றவனுக்கு அதனால் உண்டாகும் நன்மை என்ன? துன்புற்றவனும் பெரும்பாலும் ஏழையே என்பதை நினைவிற் கொள்க. அவனுக்கு வேண்டியது விரைவான விசாரணை; எதிரியின் வறுமையன்று.

ஆதலின், மாஜிஸ்ட்ரேட்டுகளை நாம் கேட்டுக்கொள்வது இது: ஜாமீன் உத்தரவில் தொகையை எழுதுமுன், எதிரில் நிற்பவனுடைய ஒரு நாள் கூலி எவ்வளவு என்று ஒரு கேள்வி கேளுங்கள். சொத்தைவிட, அவனுக்கு ஊரில் உள்ள வேர் எத்தகையது என்று விசாரியுங்கள். மனைவி மக்களும், வேலையும், பல வருஷக் குடியிருப்பும் ரசீதைக் காட்டிலும் உறுதியான பிணை. வக்கீல் சங்கங்களைக் கேட்டுக்கொள்வது: விடுமுறை நாள் ரிமாண்டுக்கு முறை வைத்து ஒருவரை நிறுத்துங்கள், தரகர்களை வாசலிலிருந்து அகற்றுங்கள். ஸர்க்காரைக் கேட்டுக்கொள்வது: பிணைத் தொகை கட்ட இயலாத ஏழைக் கைதிகளுக்கு நாற்பதினாயிரம் ரூபாய் வரை உதவ 2023-இல் மத்திய ஸர்க்கார் வகுத்த திட்டம் காகிதத்தில் உறங்கலாகாது, ஜில்லாதோறும் அதன் கமிட்டி கூடுகிறதா, எத்தனை பேர் அதனால் வெளிவந்தனர் என்பதை ஜனங்கள் அறியும்படி வெளியிடுங்கள்.

நம் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு சங்கத்திலும், தொழிலாளர் யூனியனிலும், நம்பிக்கைக்குரியவனுக்குப் பிணை நிற்கச் சம்மதிக்கும் பத்துப் பேருடைய ஜாபிதா ஒன்று இருக்கட்டும். அவர்களுடைய வரி ரசீதும், ரேஷன் கார்டும், ஆதார் அட்டையும், புகைப்படமும் ஒரு கட்டாக ஆயத்தமாயிருக்கட்டும். தாலுகாச் சட்ட உதவிக் கமிட்டி எங்கே இருக்கிறதென்று ஒருவராவது நேரில் சென்று பார்த்து வரட்டும். வெள்ளிக்கிழமை மாலையில் கைது நடந்த பிறகு இவற்றைத் தேடத் தொடங்கினால் திங்கட்கிழமை ஆகிவிடும். அந்த மூன்று நாளில் ஒரு குடும்பம் நகையை இழக்கும், ஒருவன் வேலையை இழப்பான். மேடையில் ஆயிரம் பேர் கைதட்டும் தொண்டைக் காட்டிலும், கோர்ட் குமாஸ்தாவின் மேஜைமுன் காத்து நின்று ஓர் ஏழைக்காகப் போடும் கையெழுத்து சிறியதென்று நாம் கருதவில்லை.

நியாயஸ்தலம் திறந்துவிட்ட கதவு பணமில்லாமையால் மீண்டும் சாத்தப்படுமாயின், அந்தச் சிறையின் ஒரு சாவி நம் கையிலும் இருக்கிறது. அதை உபயோகிப்போமா, அல்லது மடியில் முடிந்துகொண்டு சும்மா இருப்போமா என்பதே இன்று நம்முன் நிற்கும் கேள்வி.